காருக்குள் சுத்தம்: புழுதியும் வெயிலும் உப்புத் தண்ணீரும் உள்ள ஊருக்கு

வாட்டர் சர்வீஸ் முடிந்து கார் வெளியே வரும்போது டேஷ்போர்டு மினுமினுவென்று இருந்தால்தான் நம்மவர்களுக்குக் கொடுத்த காசு செரிக்கும். அந்த மினுக்கம் பெரும்பாலும் சிலிக்கான் எண்ணெய். மறுநாள் கப்பலூர் டோல்கேட்டைத் தாண்டி ஒரு நடை போய்வந்தால் ரோட்டுப் புழுதி அந்த எண்ணெய்மேல் அப்பிக்கொள்ளும். உச்சி வெயிலில் டேஷ்போர்டின் பளபளப்பு முன்கண்ணாடியில் விழுந்து, எதிரே வருகிற வண்டி மங்கலாகத் தெரியும். மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் ஓடுகிற காருக்கு மினுக்கம் தருகிற எந்தப் பொருளும் வேண்டாம். புழுதியை உலர்ந்த நிலையிலேயே எடுத்துவிட வேண்டும். தண்ணீரையும் மருந்தையும் எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைக்க வேண்டும். இந்த இயல் முழுக்க அதன் விரிவுதான்.

புழுதி

மேலூர்ப் பக்கம் போய்வந்த காரில் செம்மண். திருமங்கலம், கள்ளிக்குடி, பேரையூர் என்று தெற்கே, மேற்கே போனால் கரிசல். கல்குவாரி, கிரஷர் இருக்கிற சாலைகளில் இவற்றோடு கல்தூளும் சேரும். மூன்றும் மூன்று விதம். கரிசல் நைசான களி; ஈரம் பட்டால் உப்பிக் குழம்பாகித் துணியின் நூலுக்குள் இறங்கிவிடும். செம்மண்ணின் சிவப்பு இரும்பு ஆக்சைடு; ஈரத்துணியால் தேய்த்தால் சாயம்போல் பரவும். கல்தூள் கரையாது, ஒட்டாது, ஆனால் தேய்க்கத் தேய்க்கப் பிளாஸ்டிக்கைக் கீறும். எதற்கும் ஈரத்துணி முதல் ஆயுதம் அல்ல என்பது இதிலிருந்தே தெரியும். சேற்றுக் காலோடு யாராவது ஏறிவிட்டால்கூட உடனே துடைக்காதீர்கள். காய விடுங்கள். காய்ந்த மண் பிரஷ்ஷுக்குப் பொலபொலவென்று உதிரும்.

நாலு கதவையும் டிக்கியையும் திறந்து வைத்து, மேட்டுகளை வெளியே எடுத்துத் தட்டி, மேலிருந்து கீழாக வேலை செய்ய வேண்டும். ஏசி வென்ட், பட்டன் இடுக்கு, கியர் அடி, தையல் கோடு ஆகியவற்றுக்கு ஹார்டுவேர் கடையில் கிடைக்கிற ஒரு இன்ச் பெயின்ட் பிரஷ் போதும். முடி மெதுவாக இருப்பதாகப் பார்த்து வாங்கி, தகரப் பட்டையின் மேல் இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொள்ளுங்கள்; இல்லாவிட்டால் தகரம் கீறிவிடும். ஒரு கையில் பிரஷ், மறு கையில் வேக்குவம் குழாய். தூசி பறக்கும் முன்பே உறிஞ்சிவிட வேண்டும்.

வேக்குவத்தில் ஏமாறுகிறவர்கள் அதிகம். காரின் லைட்டர் சாக்கெட்டில் செருகுகிற குட்டி மெஷின் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அந்த சாக்கெட்டுக்குப் பெரும்பாலான கார்களில் 10 ஆம்பியர் அளவில்தான் அனுமதி இருக்கும்; 12 வோல்ட்டோடு பெருக்கினால் 120 வாட். முறுக்குத் தூளை எடுக்கும். கார்பெட்டுக்குள் இறங்கிய மணலை அசைக்காது. வீட்டில் ஆயிரம் வாட்டுக்கு மேல் உள்ள வேக்குவம் இருந்தால் அதற்கு நீள ஒயர் ஒன்று வாங்கிக்கொள்வது நல்லது. புதிதாக வாங்குவதானால் ஈரம், உலர் இரண்டையும் இழுக்கிற வகையை வாங்குங்கள். கறை எடுக்கும்போது அதன் அருமை தெரியும். சீட்டை முன்னே தள்ளி ஒருமுறை, பின்னே தள்ளி ஒருமுறை தண்டவாளத்தை உறிஞ்சுங்கள். சிதறிய நிலக்கடலையும் காராச்சேவும் தேங்குவது அங்கேதான். எறும்பு வருகிற வழியும் அதுவே.

துடைக்கிற துணி

மெக்கானிக் ஷாப்பில் கிலோ கணக்கில் கிடைக்கிற பனியன் வேஸ்ட் மலிவு. தண்ணீரை நன்றாகக் குடிக்கும். ஆனால் ஒரு துண்டை விரித்துப் பாருங்கள்: எங்காவது ஒரு தையல் மடிப்பு இருக்கும், நைலான் நூல் துருத்திக்கொண்டிருக்கும். இப்போது வருகிற கார்களில் கியரைச் சுற்றியும் ஸ்கிரீனைச் சுற்றியும் கறுப்புக் கண்ணாடிபோல் பளபளக்கும் பிளாஸ்டிக் வைக்கிறார்கள். பியானோ பிளாக் என்று பெயர். அதில் அந்த நூல் ஒரு இழுப்பு இழுத்தால் வெயிலில் சிலந்திவலைபோல் கீறல் தெரியும். பனியன் வேஸ்ட்டைக் கதவின் அடிப்பட்டைக்கும் பெடலுக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மற்ற எல்லாவற்றுக்கும் மைக்ரோஃபைபர் துணி. பாலியெஸ்டரும் பாலிஅமைடும் கலந்த மெல்லிய இழை அது. 80-க்கு 20, 70-க்கு 30 என்ற விகிதத்தில் வரும். 300 முதல் 400 ஜி.எஸ்.எம். கனம் உள்ளே துடைக்கப் போதும். வாங்குவதைவிடப் பராமரிப்பதில்தான் விஷயம் இருக்கிறது. துணியை மெதுவாக்கும் திரவம் போட்டுத் துவைத்தால் இழைமேல் மெழுகுப் பூச்சு ஏறி, தூசியைப் பிடிக்கிற குணம் போய்விடும். பருத்தித் துண்டோடு சேர்த்துத் துவைத்தால் பஞ்சு ஏறிக்கொண்டு, பிறகு கண்ணாடியில் எல்லாம் பஞ்சு. நிறம் பிரித்து வையுங்கள்: கண்ணாடிக்கு ஒன்று, டேஷ்போர்டுக்கு ஒன்று, கீழ்ப்பகுதிக்கு ஒன்று. வீட்டில் யாரும் எடுத்து அடுப்பு மேடையைத் துடைக்காமல் பார்த்துக்கொள்வது உங்கள் பாடு.

தண்ணீர்

நல்ல மருந்தை வாங்கிவந்து போர் தண்ணீரில் கலந்தால் பாதிப் பலன் போச்சு. குடிநீருக்கான இந்தியத் தர அளவு, ஐ.எஸ். 10500, கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. வேறு வழியில்லாவிட்டால் 2,000 வரை அனுமதிக்கிறது. மதுரையின் பல தெருக்களில் போர் தண்ணீரை வாயில் வைத்தாலே கரிக்கும். அந்தத் தண்ணீர் கறுப்பு டேஷ்போர்டில் காய்ந்தால் வெள்ளை வளையம். கறுப்பு சீட் துணியில் காய்ந்தால் கறையே இல்லாத இடத்தில் புதுக் கறை. சோப்பும் அதில் நுரைக்காது. கால்சியத்தோடு சேர்ந்து பிசுக்காகப் படியும். பிறகு "மருந்து சரியில்லை" என்று கடைக்காரரோடு சண்டை.

உள்ளே துடைக்க ஒரு வாளித் தண்ணீர் தேவையில்லை, இரண்டு லிட்டர் போதும். மாநகராட்சிக் குழாயில் வருகிற நல்ல தண்ணீரோ கேன் தண்ணீரோ எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிக்கும் ஸ்கிரீனுக்கும் இன்னும் சுத்தமாக வேண்டுமென்றால் பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர் இருக்கிறது. வீட்டு ஏசியின் குழாயில் சொட்டுகிற தண்ணீரும் ஏறக்குறைய உப்பில்லாததுதான். குடிக்க ஆகாது, துடைக்க அருமையானது. மெல்லிய துணியில் வடிகட்டிப் பாட்டிலில் பிடித்து வைத்துக்கொள்ளலாம். காசு கொடுத்து வாங்குகிற கிளாஸ் கிளீனர்களில் பலவற்றைவிட நான் இதற்கே அதிக மதிப்பெண் தருவேன்.

வெயிலும் டேஷ்போர்டும்

2018-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், 38 டிகிரி செல்சியஸைத் தாண்டிய நாள்களில் வெயிலில் நிறுத்திய கார்களை ஆய்வாளர்கள் அளந்தார்கள். ஒரு மணி நேரத்தில் காருக்குள் காற்று சராசரியாக 47 டிகிரி, சீட் 51, ஸ்டியரிங் 53, டேஷ்போர்டு 69. அக்னி நட்சத்திரத்தில் மாட்டுத்தாவணியில் வண்டியைப் போட்டுவிட்டுப் பஸ்ஸுக்குப் போய்வருகிறவருக்கு இந்தக் கணக்கை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அந்தச் சூட்டில் எந்த கிளீனரைத் தெளித்தாலும் துடைப்பதற்குள் காய்ந்து திட்டுத்திட்டாகப் படியும். ஆகவே சுத்தம் செய்வது காலை எட்டு மணிக்குள், அல்லது வண்டி நிழலில் நின்று ஆறிய பிறகு. கிளீனரை டேஷ்போர்டில் நேராக அடிக்காமல் துணியில் அடித்துத் துடையுங்கள்; பட்டன் இடுக்கு வழியாக உள்ளே இறங்காது. ஸ்ப்ரே டப்பாவை வேலை முடிந்ததும் வீட்டுக்குள் கொண்டுபோய் வையுங்கள். 50 டிகிரிக்கு மேல் படவிடக் கூடாது என்று டப்பாவிலேயே எழுதியிருக்கும். நம்மூர்க் காரில் அந்த அளவை எட்டச் சித்திரை வரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

கடையில் 3எம், ஃபார்முலா 1, வேவெக்ஸ் என்று பல பெயர்கள் அடுக்கி வைத்திருப்பார்கள். பெயரைவிட லேபிளில் இரண்டு சொற்களைத் தேடுங்கள்: ‘வாட்டர் பேஸ்டு’, ‘மேட் ஃபினிஷ்’. புறஊதாக் கதிர் பாதுகாப்பு இருப்பதாகவும் போட்டிருந்தால் நல்லது. ‘ஹை கிளாஸ்’, ‘வெட் லுக்’ என்றிருந்தால் திருப்பி வைத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் தடவுகிற பழக்கமும் இருக்கிறது. இரண்டு நாள் கறுகறுவென்று இருக்கும், அப்புறம் சூட்டில் சிக்கு வாடை அடித்துப் புழுதி பிடிக்கும். டீசல், மண்ணெண்ணெய் இரண்டும் ரப்பரைக் கெடுக்கும். மூடிய காருக்குள் அவற்றின் ஆவியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கொரோனாக் காலத்தில் பழகிய சானிடைசரும் ஸ்டியரிங்குக்கு ஆகாது. அதில் உள்ள ஆல்கஹால் தோலின் மேல்பூச்சை உரித்துவிடும்.

உண்மையில் டேஷ்போர்டுக்கு எந்த பாலிஷையும்விட நிழல்தான் பாதுகாப்பு. 2012-இல் உச்ச நீதிமன்றம் கார்க் கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டத் தடை போட்டுவிட்டதால், நிறுத்துகிற இடத்தில் முன்கண்ணாடிக்கு உள்ளே மடக்கு மறைப்பு வைப்பதே எளிய வழி. அனுமதிக்கப்பட்ட ஃபிலிம் எதுவும் ஒட்டியிருந்தால், அம்மோனியா கலந்த கிளாஸ் கிளீனரைத் தொடாதீர்கள், ஃபிலிம் கெட்டுவிடும். டச் ஸ்கிரீனுக்கும் இதே விதி.

சீட், பெல்ட், ரூஃப்

துணி சீட்டுக்குக் கம்பளியும் பட்டும் துவைக்கிற மென்மையான திரவம், ஈஸி மாதிரியானது, அரை லிட்டர் தண்ணீருக்கு அரை மூடி போதும். கையால் அடித்து நுரையாக்கி, தண்ணீரை விட்டுவிட்டு நுரையை மட்டும் ஸ்பாஞ்சில் எடுத்துத் துடைக்க வேண்டும். துணிக்குக் கீழே இருப்பது ஃபோம். அது தண்ணீரைக் குடித்தால் மேல்துணி காய்ந்து நாளான பிறகும் உள்ளே ஈரம் நிற்கும். உலர்ந்துவிட்டதா என்று பார்க்க ஒரு வெள்ளைத் துண்டை மடித்து வைத்து, முழங்கையின் முழு பாரத்தையும் கொடுத்து அழுத்துங்கள். துண்டில் ஈரம் தெரிந்தால் கதவை மூடாதீர்கள். சித்திரை, வைகாசியில் ஒரு பகலில் காய்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சீட்டை நனைக்கவே வேண்டாம், தை பிறக்கட்டும்.

நம்மூர்க் கார்களில் பாதிக்குமேல் ‘லெதர்’ என்று சொல்லப்படுவது ரெக்சின். அசல் தோலுக்கான விலையுயர்ந்த கண்டிஷனரை அதன்மேல் தடவுவது வீண். உள்ளே இறங்காது, வழுவழுப்பாக மேலே நிற்கும். ரெக்சினுக்கு அதே மென்திரவமும் ஈரத்துணியும் போதும். அது வெடிப்பது வெயிலில் உள்ளிருக்கும் மென்மையாக்கி ஆவியாவதால். அதற்கும் மருந்து நிழல்தான். அசல் தோல் வைத்திருப்பவர்கள் காரோடு வந்த கையேட்டில் சொல்லியிருப்பதை வாங்குங்கள். கார நெடி உள்ள எதையும் பக்கத்தில் சேர்க்காதீர்கள்.

சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிறக் கனெக்டர் கண்ணில் பட்டால் கையை எடுத்துவிடுங்கள். ஏர்பேக் சம்பந்தப்பட்டது அது. தண்ணீர் அடிக்கவும் கூடாது, பிடுங்கிப் பார்க்கவும் கூடாது. சீட் பெல்ட்டை முழுக்க இழுத்து, கிளிப் போட்டு நிறுத்தி, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் நீளவாக்கில் துடைத்து, நிழலில் காய்ந்த பிறகே உள்ளே விட வேண்டும். பிளீச் பட்டால் நூல் வலுவிழக்கும். உயிர் காக்கிற பட்டை அது.

ரூஃப் துணி கோந்தில் ஒட்டியது. ஸ்டீம் அடித்தாலோ ஊற வைத்தாலோ பந்தல் துணிபோல் தொங்கிவிடும். உலர்ந்த மைக்ரோஃபைபரை ஒரே திசையில் இழுங்கள், அவ்வளவுதான்.

நம்மூர்க் கறைகள்

வெளிநாட்டு வழிகாட்டிகளில் காபிக் கறை, ஒயின் கறை என்று எழுதியிருப்பார்கள். நமக்கு வருவது சால்னா. இரவு பரோட்டாப் பார்சலின் முடிச்சு அவிழ்ந்து பின்சீட்டில் கொட்டினால் அதில் எண்ணெய், மிளகாய்ச் சிவப்பு, மஞ்சள் மூன்றும் இருக்கும். மூன்றையும் ஒரே அடியில் எடுக்க முடியாது. முதலில் டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள், தேய்க்கக் கூடாது. அடுத்து டால்கம் பவுடரைக் கனமாகத் தூவி ஒரு மணி நேரம் விடுங்கள், எண்ணெயை இழுத்துக்கொள்ளும். வேக்குவத்தால் பவுடரை எடுத்தபின், பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு நுரையாக்கி வெளியிலிருந்து உள்நோக்கித் துடையுங்கள்.

அப்போது ஒரு வேடிக்கை நடக்கும். மஞ்சளாக இருந்த கறை சோப்பு பட்டதும் சிவக்கும். பயந்துபோய் இன்னும் சோப்பைக் கொட்டுவார்கள், இன்னும் சிவக்கும். மஞ்சளில் உள்ள குர்குமின் காரம் பட்டால் சிவப்பாகும். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்துக் குங்குமம் செய்கிற முறையே அதுதான். நிறுத்திவிட்டு, எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரால் துடைத்தால் மறுபடி மஞ்சளுக்குத் திரும்பும். அதன்பின் நல்ல தண்ணீரால் ஒற்றிவிட்டு, கறைமேல் வெயில் நேராக விழுகிறபடி கதவைத் திறந்து வண்டியை நிறுத்துங்கள். குர்குமின் வெளிச்சத்தில் நிறமிழக்கும். இரண்டு மூன்று பகலில் வெளுத்துவிடும். இந்த இயல் முழுக்க வெயிலைத் திட்டியதற்கு இங்கே ஒரு நன்றி சொல்லிக்கொள்ளலாம்.

ஜிகர்தண்டா, பால்கோவா, குழந்தையின் பால் பாட்டில் எல்லாம் ஒரே வகை. சுடுதண்ணீர் ஊற்றினால் பால் புரதம் இறுகி நூலைப் பிடித்துக்கொள்ளும். பச்சைத் தண்ணீர்தான். அதன்பின் என்சைம் உள்ள துணி சோப்பைக் கரைத்து, கால் மணி நேரம் ஊற வைத்து, ஈரம் இழுக்கும் வேக்குவத்தால் எடுக்க வேண்டும். அன்றைக்கே செய்யாவிட்டால் மறுநாள் மதியம் காருக்குள் உட்கார முடியாது. கொடைக்கானல் மலைப்பாதையில் பிள்ளைகள் வாந்தி எடுத்தாலும் இதே வரிசைதான். வத்தலக்குண்டு இறங்கி ஒரு கடையில் ஆப்பசோடா வாங்கித் தூவிக்கொண்டே வந்தால் புளித்த வாடை பாதி அடங்கும். மிச்சத்தை வீட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

விபூதியையும் குங்குமத்தையும் ஈரக் கையால் தொடவே கூடாது. உலர்ந்த பிரஷ், வேக்குவம், மீதியை செல்லோ டேப்பின் பசைப் பக்கத்தால் ஒற்றுவது. கடைக் குங்குமம் பலவற்றில் இருப்பது சாயம். நனைந்தால் துணிக்குச் சொந்தமாகிவிடும். மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது உண்மைதான். ஆனாலும் வாடிய சரத்தை டேஷ்போர்டில் மூன்று நாள் விட்டால் பழுப்புக் கறை நிச்சயம். மாலையில் எடுத்துவிடுங்கள்.

ஏசியும் வாடையும்

வண்டியை எடுத்து ஏசி போட்டதும் ஊறிய துணி வாடை வந்தால், காயிலில் ஈரமும் புழுதியும் சேர்ந்து பூஞ்சை பிடித்திருக்கிறது. சென்ட் வாங்கி மறைக்க வேண்டாம். கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கிற கேபின் ஃபில்டரைப் பாருங்கள். கையேடு சொல்கிற கிலோமீட்டர் நல்ல ரோட்டுக்கானது. கரிசல் காட்டு ஊருக்குத் தினம் போய்வருகிறவர் அதற்கு முன்பே மாற்ற வேண்டியிருக்கும். பஞ்சர் கடைக் காற்றை அடித்துச் சுத்தம் செய்தால் ஃபில்டர் தாள் கிழியும். வீடு வந்து சேர இரண்டு மூன்று நிமிடம் இருக்கும்போது ஏசியை அணைத்து புளோயரை மட்டும் ஓட விட்டால் காயில் காய்ந்துவிடும். காசில்லாத இந்த வைத்தியம்தான் எல்லாவற்றிலும் பலன் தருவது.

அந்துருண்டை போடுகிற பழக்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அது நாஃப்தலீன். காரின் சூட்டில் வேகமாக ஆவியாகும். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளின் ரத்தச் சிவப்பணுக்களை அது சிதைக்கும். கற்பூரப் பொட்டலமும் பிள்ளைகள் கைக்கு எட்டினால் ஆபத்து. விழுங்கினால் வலிப்பு வரும்.

கடையில் விடும்போது

வீட்டில் நேரமில்லாமல் வாட்டர் சர்வீஸில் விடுகிறவர்கள் சாவியைக் கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். வேலை முடிகிற நேரத்தில் பையன் டப்பாவோடு வந்து, "அண்ணே, பாலிஷ் போட்ரவா?" என்பான். "வேணாம் தம்பி, தொடச்சு மட்டும் விடு" என்றால் ஒரு மாதிரி பார்ப்பான், பரவாயில்லை. உள்ளே குழாயைப் பிடித்துக் கழுவ வேண்டாம், மேட்டை மட்டும் வெளியே போட்டுக் கழுவினால் போதும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தரை முழுக்க மூடுகிற 7டி மேட் போட்டிருந்தால் வண்டியை எடுக்கும் முன் ஒரு ஓரத்தைத் தூக்கி அடியில் உள்ள கம்பெனி கார்பெட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். ஈரம் இருந்தால் மேட்டைச் சுருட்டி டிக்கியில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். கார்பெட் காய்ந்தபின் மறுநாள் விரிக்கலாம்.